முன்னூற்றுப் பன்னிரண்டு படமும் ஒரு செல் நம்பரும்

தலைமை இருக்கையை அணிசெய்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மீனாட்சியம்மாள் அவர்களே! முன்னிலை வகிக்கும் தீப்பெட்டி ஆலை அதிபர் தங்கசாமி அண்ணாச்சி அவர்களே! ஓட்டப்பிடாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பெரியவர்களே! விளாத்திகுளத்து மிளகாய்க் காட்டு வேலையை இன்று ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடம்பூர் போளியைக் கையில் வைத்துக்கொண்டு இவன் எப்போது முடிப்பான் என்று பார்க்கும் இளைஞர்களே! மற்றும் திரளாகக் கூடியிருக்கும் அன்பு நெஞ்சங்களே! கோவில்பட்டியில் நோட்டீஸ் அச்சகம் நடத்தும் இந்தச் சண்முகராஜின் கைகூப்பிய வணக்கம்.

நமது கரிசல் அறிவுக் களஞ்சியத்தின் நான்காம் ஆண்டு விழா இது. செயலாளர் என்ற முறையில் சாதனைகளை அடுக்கச் சொல்லி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். அடுக்கமாட்டேன்! வயிறு எரிகிறது எனக்கு. எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

நமது களஞ்சியம் எப்படிப்பட்ட களஞ்சியம்? பூட்டில்லாத களஞ்சியம்! இணையத்தில் எந்நேரமும் திறந்து கிடக்கும் களஞ்சியம்! யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் நாலு பேருக்குக் கொடுக்கலாம். காப்புரிமை பேசி யாரும் கையைத் தட்டிவிட மாட்டார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அதை உருவாக்கியவர் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஐயா! இந்த ஒற்றை வரியைக் கட்டிக் காக்க நமக்கு வக்கில்லாமல் போனதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் மாரிச்செல்வி. வாரத்தில் ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடுக்குகிறாள். ஏழாவது நாள் என்ன செய்கிறாள்? கரிசல் காட்டில் இறங்குகிறாள்! தும்பையைத் தேடி, துத்தியைத் தேடி, நெருஞ்சி முள் காலில் ஏற ஏற, மூன்று வருஷம் நடந்தாள். செல்போனில் முன்னூற்றுப் பன்னிரண்டு செடிகளைப் படம் பிடித்தாள். ஒவ்வொன்றையும் எந்த ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். சம்பளம் வாங்கினாளா? இல்லை. சால்வை கேட்டாளா? இல்லை.

இந்தப் படங்களை ஊருக்குக் காட்ட ஒரு விளம்பர வீடியோ செய்வோம் என்று முடிவெடுத்தோம். வேலையை நம்ம ஸ்டூடியோ முத்துசெல்வத்திடம் ஒப்படைத்தோம். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தலையைக் குனியாதீர் தம்பி, உம்மைப் பற்றித்தான் பேசுகிறேன்!

முத்துசெல்வம் கல்யாண வீடியோவில் கெட்டிக்காரர். ஆனால் ஐயா, ஆவாரம்பூவுக்கும் கல்யாண வீடியோவா? பூ மலருகிறது, பின்னால் சினிமாப் பாட்டு முழங்குகிறது! அந்தப் பாட்டு யாருடையது? உம்முடையதா, என்னுடையதா? நமக்குச் சொந்தமில்லாத பாட்டை ஊருக்கு எழுதிக் கொடுக்க நாம் யார்? அதோடு விட்டாரா? மாரிச்செல்வியின் முன்னூற்றுப் பன்னிரண்டு படத்திலும், மூலைக்கு மூலை, ஸ்டூடியோ பேரும் செல் நம்பரும்! எருக்கஞ்செடிக்குக் கீழே செல் நம்பர்! பிரண்டைக்குக் கீழே செல் நம்பர்! யார் ஐயா பிரண்டையைப் பார்த்துவிட்டு போன் போட்டுக் கல்யாண ஆர்டர் கொடுக்கப் போகிறார்?

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். மிச்சத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வீடியோவை முத்துசெல்வம் தன்னுடைய சேனலில் போட்டார், அனைத்து உரிமையும் ஸ்டூடியோவுக்கே என்று எழுதி. இரண்டு நாள் கழித்து மாரிச்செல்வி தன் படங்களைக் களஞ்சியத்தில் ஏற்றினாள். களஞ்சியத்தில் ஏறும் படங்களை எங்கோ இருந்து சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்தார். அதே தும்பை, அதே துத்தி, ஸ்டூடியோ வீடியோவில் முன்பே இருக்கிறது. அவர் என்ன எழுதினார் தெரியுமா? இந்தப் பெண் வேறொருவர் படத்தைத் திருடி ஏற்றியிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் உரியவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வராவிட்டால் அத்தனையும் நீக்கப்படும் என்று!

கேட்டீர்களா தாய்மார்களே! தான் எடுத்த படத்துக்குத் தானே திருடி! முள் குத்தியது யார் காலில்? முத்திரை விழுந்தது யார் பேரில்? திருட்டுப்பட்டம் யார் தலையில்?

ஸ்டூடியோவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். இவர் நிதானமாகச் சொல்கிறார்: "அண்ணாச்சி, மூலையில பேரும் நம்பரும் போடலன்னா அது வீடியோவே இல்ல. பதினஞ்சு வருசமா அப்பிடித்தான் போடுதோம். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னியளா? ஒரு துண்டுக் காயிதத்துல எழுதித்தான் தந்தியளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதெல்லாம் எழுதித் தர வேண்டிய சங்கதியா? படித்தவருக்கு இது தெரிய வேண்டாமா? பெயரைப் பறிப்பதும் பயிரைப் பறிப்பதும் ஒன்றுதான் என்று... என்னம்மா? யார் எழுந்திருக்கிறது? மாரிச்செல்வியா? மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். பேசு தங்கச்சி, பயப்படாமல் பேசு. இவரை நன்றாகக் கேள்!

"நான் ஸ்டூடியோக்கார அண்ணனக் கேக்க வரல அண்ணாச்சி. ஒங்களத்தான் கேக்குதேன். வீடியோ முடியுத எடத்துல பேரு வரிசை ஓடுதுல்லா, அத எழுதிக் குடுத்தது யாரு? தலைவரு பேரு இருக்கு, பொருளாளர் பேரு இருக்கு, தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி பேரு இருக்கு. எம் பேரு எங்க? 'மற்றும் ஊர்ப் பொதுமக்கள்'னு போட்டியளே, அதுக்குள்ளயா கெடக்கேன்? அந்த வரிசையில எம் பேரு இருந்திருந்தா, திருடின்னு எழுதுனவருக்கு அதக் காட்டியிருப்பேம்லா. இப்பக்கூட மேடையேறி போளி திங்குதவிய வரைக்கும் கூப்பிட்டிய. அந்த வணக்கத்துல எம் பேரு வரல."

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அவையோரே, அந்தப் பெயர் வரிசையை எழுதியவன் நான். இந்தக் கைதான் எழுதியது. முப்பத்தைந்து வருஷமாகக் கோயில் கொடை விழா நோட்டீஸ் அடித்த கை இது. தலைவர் மேலே, உபயதாரர் நடுவே, பந்தலுக்குக் கால் நட்டவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் கடைசி வரியில் 'மற்றும்' என்று அடித்தே பழகிய கை. உழைத்தவள் பெயரை முதலில் அந்த வரிக்குள் அமுக்கியவன் நான். முத்துசெல்வம் காலியாகக் கிடந்த இடத்தில்தான் முத்திரை வைத்தார். அவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்காததும் நான்தான். எட்டு நாளாக ஊரெல்லாம் அவரைத் திட்டித் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது.

தம்பி முத்துசெல்வம், மேடைக்கு வாரும். கை நீட்டிக் கூப்பிடுகிறேன், வாரும் ஐயா. இதோ காகிதம், நீர் சொல்வதாக நானே எழுதுகிறேன். 'இந்த முன்னூற்றுப் பன்னிரண்டு படங்களையும் எடுத்தவர் மாரிச்செல்வி. பாட்டையும் செல் நம்பரையும் நீக்கிய புது வீடியோ, அவர் பெயரோடும் என் பெயரோடும் யாவருக்கும் உரியது.' சரிதானே? என்ன சொல்கிறார்? "என் பேரையும் போடுதியளா அண்ணாச்சி?" போடாமல்? வெட்டியதும் ஒட்டியதும் நீர்தானே! போடும் கையெழுத்தை. வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பானேன், இப்போதே படம் பிடித்து அனுப்புவோம்.

ஆகட்டும். நன்றி சொல்லி விடைபெற வேண்டிய நேரம். இந்த ஒரு முறை வரிசையை மாற்றிச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

கரிசல் காட்டின் முன்னூற்றுப் பன்னிரண்டு செடிகளைப் படமெடுத்த மாரிச்செல்வி அவர்களே! அந்த வீடியோவை உருவாக்கிய முத்துசெல்வம் அவர்களே! தாய்மார்களே, பெரியவர்களே, மற்றும் தலைவர், பொருளாளர், செயலாளர் உள்ளிட்ட மேடையில் அமர்ந்திருக்கும் பொதுமக்களே! வணக்கம், வருகிறேன்.