அழிக்காமல் விட்ட தடம்

பொழுது சாய்ந்து, ஊளையிடும் குரங்குகளும் அடங்கிவிட்ட வேளை. ஊற்றிலிருந்து ஊருக்கு வரும் சதுப்பு வழி... அந்த நேரத்தில் அதில் யாரும் நடக்கமாட்டார்கள். ஹாமு மட்டும் வந்துகொண்டிருந்தார்.

ஹாமு வேறு யாருமில்லை. கல் இழுக்கும் கயிற்றில் எனக்கு முன்னால் நிற்கிறானே தோக்கோ, அவனுடைய சித்தப்பா. நாம் பகலெல்லாம் இழுத்த இந்தக் கல்லில் சாய்ந்துகொண்டு அவன்தான் எனக்கு இதைச் சொன்னான்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்கப்பா, குளிருது," என்றான் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்.

"குளிருதா, பயமா இருக்கா? கல்லை இழுக்கும்போது மட்டும் தள்ளித் தள்ளி நிக்கிறே!"

சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

அந்த வருஷம் மழை இல்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமலே கருகியது. ஊர் கூடி, ஹாமுவின் தங்கை சிமாவின் கைக்குழந்தையை ஊற்றுக்குப் பலியாகக் கொடுத்தது. கொடுத்த தாய் அழக்கூடாது. மழை திரும்பிப் போய்விடும். சிமா அழவில்லை. சாப்பிடவும் இல்லை. பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கிடந்தாள்.

"பசியோட போயிட்டான்ண்ணே... ஒரே ஒரு தடவை பால் குடுத்துட்டா போதும். அப்புறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்."

பிழைக்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஹாமு மரப்பாலைக் காய்ச்சி ரப்பர் பந்து உருட்டிச் செய்கிறவர். கொடுத்த குழந்தைக்கென்று ஊற்றுச் சேற்றில் ஒரு பந்து வைப்பது அவர் வேலை. திரும்பும்போது ஓர் இலைக்கிளையைப் பின்னால் இழுத்துக்கொண்டே வரவேண்டும். சேற்றில் பதிந்த காலடி அழியவேண்டும். இல்லாவிட்டால் ஊற்றுக்குள் போனவர்களுக்கு வீட்டு வழி தெரிந்துவிடும்.

அன்று பந்தை வைத்துவிட்டு ஹாமு கிளையை ஒடித்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு... சதுப்புக்குள் வீசிவிட்டார்.

"அடப்பாவி! இப்படியும் ஒருத்தன் பண்ணுவானா?"

"உன் தங்கச்சியா இருந்தா நீ என்னடா பண்ணியிருப்பே?"

ஹாமு நடந்தார். தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. பின்னால், சப்... சப்... ஈரச் சேற்றில் உள்ளங்கை பதிகிற சத்தம். இன்னும் தவழக் கற்காத குழந்தை அது. கறுப்புச் சேறும் பச்சைப் பாலும் கலந்த வாடை வந்தது. ஹாமு திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை களைத்துவிடுமே என்று நடையை மட்டும் தளர்த்தினார்.

சிமா வீட்டு வாசலில் தொங்கிய பாயைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். கணுக்காலில் ஏதோ சில்லென்று உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

"வாடா என் கண்ணு... இவ்ளோ நேரமாடா?" சிமாவின் குரல். அப்புறம் குழந்தை சப்புகிற சத்தம்... வெகுநேரம்.

விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. சிமா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"வயிறு நிறைஞ்சுதான்ண்ணே போனான்," என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஹாமு வெளியே வந்தார். பிஞ்சுக் கைகளின் சேற்றுத் தடம் அந்த வாசலோடு நிற்கவில்லை. அடுத்த வாசல்... அதற்கடுத்த வாசல்... எந்தெந்தப் பஞ்சத்தில் எந்தெந்த வீடு பிள்ளை கொடுத்ததோ, அந்த வாசலெல்லாம். வீடுகளுக்குள்ளே பெண்கள் மெல்ல விசும்புவது கேட்டது.

கடைசி வீட்டு வாசலில் ஊரிலேயே மூத்த கிழவி உட்கார்ந்திருந்தாள். மணமான புதிதில் தலைப்பிள்ளையைக் கொடுத்தவள். சுருங்கிய மார்பிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"அவனுக்கு இன்னும் பல்லுகூட முளைக்கலப்பா," என்றாள்.