அப்பா போட்ட இஸ்திரி

சேரன்மகாதேவி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரி ஆசிரியைகள். பேட்டை தாண்டும்போது ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்தக் கட்டுரை நல்லா இருந்திருக்கும்க்கா."

"யாரு எழுதுனது?"

"ஏரல்காரப் பிள்ள. வெள்ளத்தப் பத்தி. நனைஞ்சுபோன மார்க் ஷீட்ட அவங்கப்பா துணிக்கடியில வச்சு இஸ்திரி போட்டாராம். கருகிருமோன்னு அவருக்குக் கை நடுங்கிச்சாம். திருத்தி எழுதுறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசுவேன்லா, அப்ப ஆசையாத்தான் கேட்டேன், 'நெசமாவே இஸ்திரி போட்டாரா?'ன்னு."

"சரி."

"திருத்திக் கொண்டுவந்ததுல அப்பாவே இல்ல. 'வெள்ளம் ஒரு இயற்கைப் பேரிடர்'னு ஆரம்பிக்குது."

மூத்தவர் சிரித்தார். சொன்னவர் சிரிக்கவில்லை.

"ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேன். 'நீங்க கேட்டதும் தப்புன்னு புரிஞ்சிட்டு மேடம்'ங்கா. நம்ம கேள்வி கேட்டாலே ஏசுதோம்னுதான் நெனைக்குதுவ. பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருசம் அப்படித்தான கேட்டு வளந்திருக்குதுவ."

"திரும்பச் சேக்கச் சொல்ல வேண்டியதான?"

"சொன்னேன். சேத்துட்டா. 'தந்தையார் சான்றிதழ்களை உலர்த்தினார்.' ஒத்த வரி."

"இஸ்திரிப் பெட்டி?"

"இல்ல. கை நடுங்குனதும் இல்ல."

சுத்தமல்லி விலக்கில் வண்டி நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"இன்னொரு தடவ கூப்பிட்டுப் பையக் கேட்டுப் பாரேன்."

"கேட்டா அந்த ஒத்த வரியும் போயிரும்க்கா."