காட்டுவதற்கென்று ஒரு துணி

இருபத்திரண்டு வருடமாக நான் தேநீரைச் சூடாகக் குடித்ததில்லை. ஊற்றி வைத்த நிமிடம் எங்காவது ஒரு கதவு அறையும், ஒருத்தன் மூக்கில் ரத்தத்தோடு வருவான், ஒருத்தி கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுவாள். சமாதானம் பண்ணிவிட்டுத் திரும்பினால் கோப்பையில் ஆடை படிந்திருக்கும். நீங்கள் கொடுத்த இந்தக் கோப்பையில் இன்னும் ஆவி பறக்கிறது, சார். குடித்துவிட்டே பேசுகிறேன். நான் சொல்ல வந்தது எங்கும் ஓடிப்போகாது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். பதவியின் பெயர் நீளம்: மாணவர் நடத்தை மற்றும் மேற்பார்வைப் பொறுப்பாளர். பிள்ளைகள் வைத்த பெயர் சிசிடிவி. ‘அதுவாவது ரிப்பேர் ஆகும்’ என்று இரண்டாம் மாடிச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவனைக் கண்டுபிடித்தேன், ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. நல்ல வரி. எண்ணூற்று நாற்பது பிள்ளைகள், மூன்று மாடி, இரண்டு படிக்கட்டு, நான் ஒருத்தி. கணக்கு வாத்தியார் யாரையாவது கேளுங்கள், இது தேறாத கணக்கு என்பார்.

நான் துணிக்கடை வீட்டுப் பெண். நடக்கக் கற்றதே கடையில் துணி விரித்த பாயின் மேல்தான். அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் முதலில் ஒரு துணியை எடுத்து உதறி விரிப்பார். சாயம் திட்டுத் திட்டாக இருக்கும், கரை கோணலாக ஓடும், விலை கேட்டால் தலை சுற்றும். அவர்கள் முகம் சுளித்த நொடியில், “இது உங்களுக்கு ஆகாதுக்கா, விடுங்க” என்று சுருட்டி ஓரமாக வீசிவிட்டு அடுத்ததை எடுப்பார். அடுத்தது சுமாரான துணிதான். ஆனால் அதைப் பார்த்த கண்ணுக்கு இது பட்டாகத் தெரியும். முதல் துணி விற்பதற்கில்லை, காட்டுவதற்கு. கடையில் அதிகம் உழைத்த துணி அதுதான். விரித்து மடித்து, விரித்து மடித்து, ஒருநாள் மடிப்பில் கிழியும். அப்பா அதைத் தரை துடைக்கப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைப்பார். அவரைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

முதல் மூன்று வருடம் நான் நியாயமாக நடந்தேன். நியாயத்தைப் போல ஆளைத் தின்கிற வேலை வேறில்லை. ஒரு மின்விசிறி வளைந்தால் நாற்பது பேரை விசாரிக்க வேண்டும். நாற்பது பேரிடமும் நாற்பது கதை இருக்கும். கடைசியில் உண்மையானவனைப் பிடித்தால் மறுநாள் அவன் மாமா சட்டம் பேசிக்கொண்டு வந்து நிற்பார். வீட்டுக்குப் போனால் என் கணவர், “இன்னிக்கு எத்தனை கொலை?” என்பார். சிரிப்பதற்குக்கூட எனக்குத் தெம்பிருக்காது.

நான்காம் வருடம் தவறுதலாக ஒரு பையனைத் தண்டித்தேன். அவன் செய்யவில்லை என்பது வகுப்புக்கே தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வகுப்பு ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. பயத்தால் அல்ல, நிம்மதியால். எது நடந்தாலும் போய்ச் சேர ஒரு விலாசம் கிடைத்துவிட்டதே. அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மற்ற நாற்பது பேரும் தங்கமாகத் தெரிந்தார்கள், தங்கள் கண்ணுக்கே. அப்படித் தெரிந்த பிள்ளை கொஞ்சம் தங்கமாகவே நடந்துகொள்ளும். அன்றைக்குத்தான் அப்பாவின் துணி ஞாபகம் வந்தது.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருவர். யாரை எடுப்பது என்பதில்தான் கைத்திறமை. முரட்டுப் பிள்ளை ஆகாது, அவனுக்குப் பின்னால் கூட்டம் இருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஆசிரியர்கள் வக்காலத்து வாங்குவார்கள். பாதியில் வந்து சேர்ந்த பிள்ளையாக இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் பெற்றவர்கள். போன் போட்டால் என்ன ஏது என்று கேட்பதற்குள் மன்னிப்புக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அவர்கள் வேண்டும். சேர்க்கையன்றே எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள்.

இவளோடு பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஒருத்தன் எங்கள் தெரு முனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். நான் போனால் மாத்திரை எடுக்கிற மாதிரி உள்ளே போவான், நான் கிளம்பும்வரை வெளியே வரமாட்டான். வேலையில் கெட்டிக்காரன் என்று முதலாளி சொல்கிறார்.

இந்த வருடத்துப் பெண்ணைப் ‘புதுசு’ என்று கூப்பிடுவார்கள். வந்து ஏழு மாதமாகியும் புதுசுதான். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு. அம்மா ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். சேர்க்க வந்த அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், இவளுக்கு வீசிங் இருக்கு. மூச்சு இழுத்தா அடிக்கிற பம்ப் எப்பவும் பையிலயே இருக்கும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டா” என்றார். படிவத்தில் நானே குறித்துக்கொண்டேன். அந்தப் படிவம் உங்கள் கோப்பில் இருக்கும், கையெழுத்து என்னுடையது.

வகுப்பு அவளைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. கரும்பலகை விழுந்தால் புதுசு. மழை வந்து விளையாட்டு பீரியட் போனால் புதுசு. புரொஜெக்டரில் பல்பு போனபோது, “புதுசு ஒரு பார்வை பாத்துச்சு மேடம், அவ்வளவுதான், போயிடுச்சு” என்றாள் வகுப்புத் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள். புதுசும் சிரித்தாள். பள்ளி முழுக்க ‘பி’ பிரிவைப் போல அடங்கிய வகுப்பு கிடையாது. ஆசிரியர்கள் அங்கே போவதற்குப் போட்டி போட்டார்கள்.

இனி அந்த நாள். பத்து மணிக்கு ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. மாணவர் ஒழுங்கில் நாங்கள் முதலிடத்துக்கு நிற்கிறோம். ஒன்பது இருபதுக்கு யாரோ படிக்கட்டின் அடியில் இருக்கிற மணியின் பொத்தானை அழுத்திவிட்டார்கள். பீரியட் முடிந்தது என்று மூன்று மாடியும் தாழ்வாரத்தில் கொட்டியது. திரும்ப உள்ளே தள்ளுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பொத்தானுக்குப் பக்கத்து வகுப்பு ‘பி’. தாமதமாக வந்தவர்களுக்குக் கேட்டில் ஸ்லிப் எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போய் நின்று, “யாரு?” என்றேன்.

“புதுசு!” என்றார்கள். பாட்டு வகுப்பில்கூட அத்தனை குரலும் ஒன்றாக ஒலித்ததில்லை.

அவள் அப்போதுதான் பையோடு வாசலில் வந்து நின்றாள். “மேடம், பெல் அடிச்சப்ப நான் ஸ்கூல்லயே இல்லையே. நீங்கதானே இப்ப லேட் ஸ்லிப் குடுத்தீங்க.”

“அது வர்றதுக்கு முன்னாடியே பெல் அடிச்சிடுச்சு மேடம். அவ்வளவு வேகம்” என்றாள் தலைவி. மறுபடி சிரிப்பு.

ஸ்லிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், உண்மையானவனைத் தேட இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை. “தெரியும்மா. வா” என்றேன்.

என் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. முன்பு வரைபடங்களும் சாக்பீஸ் பெட்டிகளும் வைத்திருந்தோம். பெட்டிகள் போய்விட்டன, தூள் போகவில்லை. ஒரு பெஞ்ச், உயரத்தில் ஒரு ஜன்னல், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே இருக்கிற பிள்ளையைக் கால் மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவில் தொங்குகிற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பள்ளியின் விதி. உள்ளே பை கூடாது, தட்டினால் திறக்கக் கூடாது, தட்டினால் இன்னொரு பீரியட் கூடும் என்பது நான் சேர்த்தது.

“பையில பம்ப் இருக்கு மேடம். அதை மட்டும் எடுத்துக்கட்டுமா?”

“ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க” என்றேன். பையை என் மேசைக்கடியில் வைத்தேன்.

குழுவில் மூன்று பேர். என் அறையில்தான் உட்கார்ந்தார்கள். பத்து மணி சுமாருக்குத் தட்டல் ஆரம்பித்தது. நான் ஒரு கோப்பு எடுக்கிற சாக்கில் வெளியே வந்தேன். உதவியாளர் அக்கா கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அம்மா, இருமுறா. ஒரு தடவை தெறந்து பாத்துடட்டுமா?”

“இப்ப தெறந்தா நாளைக்கு இன்னும் பலமா இருமுவா. நீங்க மாடிக்குப் போய்த் தாழ்வாரத்தப் பாருங்க. நான் இருக்கேன்ல.”

அக்கா போய்விட்டாள். நான் உள்ளே போனேன். அதிகாரிகளில் மூத்தவர், “என்ன சத்தம் அது?” என்று கேட்டார். “பழைய தண்ணிக் குழாய் சார். உள்ள காத்து அடைச்சுக்கிட்டா இப்படித்தான் தட்டும்” என்றேன். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். குழாய்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், சார். கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். கடையில் வளர்ந்தவளுக்குப் பேரத்தின் ஓசை தெரியும். முதலில் பலமாக, கதவின் மேல்பாதியில் கேட்டது. பிறகு இடைவெளி விட்டு விட்டு, நடுப்பாதியில். எதிராளி இறங்கி வரத் தொடங்கும்போது அவசரப்படக் கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. நான் காட்டவில்லை. கடைசியில் தட்டல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது, விரல் நகத்தால் சுரண்டுகிற மாதிரி. அப்புறம் நின்றது. படிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பத்து நாற்பதுக்குக் குழு எழுந்தது. ‘முன்மாதிரியான அமைதி’ என்று மூத்தவர் எழுதிக் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை. அவள் அதன்மேல் சாய்ந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. திரும்பும்போது ஓட்டுநர் சைரன் போடவில்லை. வகுப்பு நடக்கிற நேரம் என்று பார்த்து நடந்துகொள்கிறாரே என்று மனதுக்குள் நன்றி சொன்னேன். கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அட்டையை முடித்துவிட்டேன். பத்து, பத்தேகால், பத்தரை. மூன்று கட்டத்திலும் அக்காவின் கையெழுத்து. அவளுடைய விடுப்புக் கடிதங்களை ஆறு வருடமாக எழுதிக் கொடுப்பவள் நான், அவள் கையெழுத்து எனக்கு அத்துப்படி, போடுவதில் சிரமமில்லை. நீங்கள் அட்டையைக் காட்டியதும் அவள், “மன்னிச்சிடுங்கய்யா, நான்தான் சரியாப் பாக்காம விட்டிருப்பேன்” என்றாளாமே. கேள்வியை நீங்கள் முடிக்கவே இல்லையாம். அவள் நேர்காணலுக்கு வந்த அன்றே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இவளைப் போடுங்கள் என்று சொன்னதே நான்தான். உங்களுக்கு முதலில் விரித்துக் காட்டிய துணி அவள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்கிறீர்கள். களைத்துவிட்டேன், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டால் இந்த ஸ்லிப் வருகிறது. சாவியைத் தேடினாலும் இதுதான் வருகிறது. இந்தாருங்கள், ஒன்பது முப்பத்தைந்து. உங்கள் கோப்பில் இல்லாத காகிதம் இது ஒன்றுதான். முந்தாநாள் அந்தப் பெண்ணின் அம்மா பையை வாங்கிப்போக வந்தார். மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார், பம்ப் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்க மேடம், எங்களால உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு” என்றார். அன்றைக்குத் தேநீர் சூடாகத்தான் இருந்தது. குடிக்க முடியவில்லை.

ஆக, அவள் செய்யாத குற்றத்துக்காக, தெரிந்தே, நான்தான் அவளை உள்ளே வைத்துப் பூட்டினேன். மூச்சுக்காகத் தட்டினாள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை என் சொந்தக் கையெழுத்தில்.

ஒரு உதவி மட்டும். எனக்குப் பதிலாக வருகிறவர் பாவம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவரிடம் சொல்லுங்கள்: ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவு, ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச், போன மாதம் வந்து சேர்ந்த பையன். அப்பா லாரி ஓட்டுகிறார், போனை எடுத்ததுமே மன்னிப்புக் கேட்கிறார். வீசிங், வலிப்பு எதுவும் கிடையாது. இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டேன்.