என் கடையில் எரிந்த அலை

ஆடிக் கலவரத்தில் கண்டியில் என் கண்ணாடிக் கடை எரிந்தது. கடையோடு பொறியியலாளர் பாலேந்திரன் ஐயாவின் ஆறு வருட உழைப்பும் எரிந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவன் நான். இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

இரங்கல் கூட்டத் தலைவர் வரதராசா அவர்களே, மூத்தோரே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் தாய்மாரே, கடைவீதித் தோழர்களே, மறைந்தவரின் துணைவியார், பள்ளியில் படிப்பிக்கும் செசிலியா ரீச்சர் அவர்களே, வீரசிங்கத்தின் வணக்கம்.

ஐயா கடலைக் கட்டி ஆண்டவர் அல்லர். கண்ணாடித் தொட்டியில் தண்ணீரைக் கட்டி வைத்தவர். ஆய்வுகூடத்தில் ஒரு பலகை அசையும். அலை எழும், அலை நடக்கும், அலை சுவரில் மோதும். அதே அலையைக் கணனிக்குள் எண்களாய் எழுப்பப் பாடுபட்டார்.

"தண்ணிதான் கண்ணு முன்னால ஆடுதே, கணக்கு எதுக்கு முதலாளி?" என்று அங்கே கடைவீதித் தோழர்கள் நடுவிலிருந்து அழகமுத்து என்னைக் கேட்கிறார். நானும் கேட்டேனப்பா. "தொட்டி அலை கணக்கிலை சரியா வந்தால், துறைமுகத்தையும் கணக்கிலையே கட்டிப் பாக்கலாம். கல்லைப் போட்ட பிறகு அழக்கூடாது" என்றார் ஐயா.

ஆனால் இரண்டு அலையும் ஒத்துப்போகவில்லை. ஏன்? கடைசிச் சுவரில் மோதிய அலை திரும்பி வந்து புது அலையைக் குழப்பியது. கண்ணாடி உடையாமலிருக்கப் பெட்டிக்குள் நான் அடைக்கும் தென்னந்தும்பு, அந்தத் தேங்காய் நார், நினைவுக்கு வந்தது.

"அந்தக் கோடியில தும்ப அடைச்சுப் பாருங்க ஐயா. அடிய அது வாங்கிக்கும்."

அடைத்தார். திரும்பிய அலை அடங்கியது. கணக்கும் தண்ணீரும் கைகோர்த்தன. "ஓம் வீரசிங்கம், இனி நீர்தான் எங்கட பேராசிரியர்" என்று சிரித்தார்.

அந்தக் கணக்கு முழுவதும், கணனி படிக்கும் ஐந்து பெட்டித் துளையட்டைகளில் இருந்தது. ஊர் கொதிக்கத் தொடங்கியபோது, "என் கடையில வைங்க ஐயா. இந்த ஊர்ல பாதி சன்னலுக்கு நான்தான் கண்ணாடி போட்டேன். எவன் கை வைப்பான்?" என்றேன். கை வைத்தார்கள். தடுக்க ஒருவர் வந்தாரா? ஒருவரும் இல்லை. சன்னல் சட்டம் எரிந்தது, அட்டை எரிந்தது, அலையும் எரிந்தது. தண்ணீர் எரியுமா சபையோரே? அன்று எரிந்தது.

ஐயா ஒரு சொல் கடிந்தாரா? இல்லை. நினைவிலிருந்து மறுபடி எழுதினார். பாதியில் நெஞ்சு நின்றது. மீதியை, அன்றே அவருக்குக் கணக்குச் சரிபார்த்த ரீச்சர் எழுதுகிறார். இந்த மேடை ஏறுமுன் நானும் ரீச்சரும் ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்குத் தலை தாழ்த்தி நன்றி சொல்கிறேன். ஒப்பந்தத்துக்கு இந்தச் சபையே சாட்சியாகட்டும். சரிபார்க்கும் சிறு தொட்டிக்குக் கண்ணாடி என்னுடையது; விலை கிடையாது. கணக்குக்கு மூன்று பிரதிகள். ஒன்று ரீச்சரிடம், ஒன்று அலவத்துகொட ஊரில் ஹுஸைன் நானா வீட்டில், ஒன்று கெலிஓயாவில் தவமணி அக்கா வீட்டில். என் கடையில் ஓர் அட்டையும் வைப்பதில்லை.