விட்டு விட்டுப் போட்ட கோடுகள்

எனக்குக் கை வியர்க்கும். டிராயிங் படிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. ஃபேனைப் போட்டால் ஷீட் பறக்கும். நிறுத்தினால் திண்டுக்கல் வெயிலில் மணிக்கட்டிலிருந்து வியர்வை இறங்கி, காலையிலிருந்து போட்ட கோட்டையெல்லாம் கரி அப்பிவிடும். அதனால் கையில் முகப்பவுடரைப் பூசிக்கொண்டு, மடித்த கைக்குட்டையை அடியில் வைத்துத்தான் வரைவேன். வகுப்பில் என்னைப் 'பவுடர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கோபப்பட்டதில்லை. பொதுவாகவே சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

என் பெயர் சிவபிரகாஷ். ஊர் ஆத்தூர். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கத்தரி. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தேன். அயாஸ் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். பேகம்பூர்க்காரன். அவனுடைய அப்பா அப்பாஸ் தோல் வியாபாரம் செய்தார். அம்மா பெயர் காதர் பீவி. அந்த அம்மாவைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். ஆனால் கோடுகளைப் பற்றிச் சொல்லாமல் அவர்களிடம் போக முடியாது.

ஆண்டனிராஜ் சார்தான் எங்களுக்கு டிராயிங் எடுத்தார். ஒரு வீட்டை ஜன்னல் உயரத்தில் கத்தியால் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிளான் என்பார். அறுபட்ட சுவருக்குத் தடித்த கோடு. கீழே கிடக்கும் படிக்கும் மேடைக்கும் மெல்லிய கோடு. தூக்கி வைத்த மேல்பாதியில் உத்திரம் ஓடினால் அதற்கு விட்டு விட்டுப் போட்ட கோடு. "கண்ணுக்குத் தெரியாது, ஆனா தலைக்கு மேல இருக்கு. அதைத் தப்பாப் போட்டா ஆளு செத்துப்போவான்" என்று சொல்லுவார். பென்சிலைச் சரியாகச் சீவாவிட்டாலும் ஆளு செத்துப்போவான் என்றுதான் சொல்லுவார். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கோடுகளைப் பிடித்திருந்தது. சிறு கோடு, சிறு இடைவெளி, மறுபடி சிறு கோடு. எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். எனக்கு வரும்.

அயாஸுக்கு அளவு வராது. ஆனால் கை சுத்தம். கட்டைவிரல் நகம்போலக் காய்ந்த கை. எழுத்து அச்சடித்த மாதிரி விழும். எங்கள் படிப்பில் கிளாஸ் டிரேஸ் என்று ஒன்று உண்டு, ஜி.டி. என்போம். ஒரு கண்ணாடியை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் வைத்து, அடியில் வெளிச்சம் கொடுத்து, அடுத்தவன் ஷீட்டின் மேல் வெள்ளை ஷீட்டைப் போட்டு அப்படியே இழுப்பது. ஜி.டி. அடிக்காமல் டிப்ளமோ முடித்தவன் கிடையாது. இழுக்கிறவனுக்கு என்ன வரைகிறோம் என்று தெரிய வேண்டியதே இல்லை. கோடு எங்கே போகிறதோ கை அங்கே போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரைந்ததை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போவேன். அயாஸ் கூடத்து டீப்பாயின் கண்ணாடியைக் கழற்றி, அடியில் செல்போன் டார்ச்சை வைத்து இழுத்துவிடுவான். நான் மூன்று நாள் வரைந்தது அவனுக்கு ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை போர்டில் குத்தி வைப்பது அவனுடையதைத்தான். என்னுடையதில் எப்படியும் ஒரு மூலையில் வியர்வைக் கறை இருக்கும்.

காதர் பீவி அம்மா என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாப்பு, என் டீப்பாயைப் பிரிச்சுப்போட" என்பார்கள். அயாஸ் கூப்பிடுகிற மாதிரியே நானும் அம்மா, அத்தா என்றுதான் கூப்பிட்டேன். எனக்குக் கறியில் எலும்பு பிடிக்காது என்று இரண்டாவது வாரமே கண்டுபிடித்து, எலும்பை நீக்கித் தனியாக எடுத்து வைத்தவர்கள் அவர்கள். "செத்த இரு, வெஞ்சனம் இல்லாம எப்படித் திங்கிறது" என்று வெறும் ரசத்துக்கு முட்டை பொரித்துக்கொண்டு வருவார்கள். என் கை வியர்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பூத்துவாலையை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த அம்மாவின்மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருஷம் ப்ராஜெக்ட் வந்தது. இரண்டு பேருக்கு ஒரு பழைய வீடு. அளந்து கையால் வரைய வேண்டும், கம்ப்யூட்டர் கூடாது. அயாஸ் தன் வீட்டையே கொடுத்தான். முன்பக்கம் அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். பழைய கட்டடம், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. ஆனால் அத்தா சில வருஷங்களுக்கு முன் இரண்டு அறைக்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டார். உத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கீழே நின்றால் தெரியாது.

நான் ஏணி போட்டு ஏறி, லைட் மாட்டிய பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற அயாஸ், "என்ன மாப்ள தெரியுது?" என்றான். "ஒட்டடை" என்றேன். இரண்டு பக்க உத்திரங்களும் வந்து அந்த நடுச்சுவரின் மேல்தான் தலையை வைத்திருந்தன. ஒரு உத்திரத்துக்கு எவ்வளவு கனம் என்று ரிப்போர்ட்டில் கணக்கும் போட்டேன். அந்தப் பக்கத்தை அயாஸ் படிக்கவில்லை.

எல்லா ஷீட்டையும் வழக்கம்போல அயாஸ் தனக்கு ஒன்று இழுத்துக்கொண்டான். முகப்புத் தோற்றத்தை அத்தா ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஒரு ஞாயிறு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளிவாசலிலிருந்து அவரோடு இரண்டு பேர் வந்தார்கள். "எம் மகன் வரைஞ்சது. ஒரு இஞ்சு மாறல பாருங்க" என்று காட்டினார். அயாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். வந்தவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, "இந்தத் தம்பியும் படிக்குதா?" என்று கேட்டார். "இவனும்தான். கூடமாட டேப்பு புடிச்சான்" என்றார் அத்தா. நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்கள். நான் அதையும் சாப்பிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரி கடைசியில் அயாஸ், வைவாவில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள், படிக்க வேண்டும், உத்திரம் போட்ட பிளான் ஒன்று கொடு என்று கேட்டான். அவன் இழுத்து வைத்திருந்ததில் டீ கொட்டிவிட்டதாம். அசல் கல்லூரியில் இருந்தது. நான் புதிதாக ஒன்று வரைந்தேன். சுவர், கதவு, ஜன்னல், அளவு எல்லாம் சரி. விட்டு விட்டுப் போடும் கோடுகளை மட்டும் திருப்பிப் போட்டேன். நடுச்சுவருக்குக் குறுக்கே ஓட வேண்டிய உத்திரங்கள் அதில் சுவருக்கு இணையாக, தெருப்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடின. அந்த ஷீட்டைப் பார்க்கிறவனுக்கு, நடுச்சுவர் எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கிறது என்றுதான் தெரியும். வைவாவில் கேட்டால் அயாஸ் தப்பாகச் சொல்வான், அப்போது யார் வரைந்தது என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அவன் டீப்பாய்க் கண்ணாடியில் வைத்து அப்படியே இழுத்தான். நான் வரைந்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்துச் சருகோடு எரித்துவிட்டேன்.

மார்ச் மாதம் அத்தாவுக்குக் கடை போடும் யோசனை வந்தது. தோல் செருப்பு, பை விற்கிற கடை. முன் அறைகள் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், நடுச்சுவரை எடுக்க வேண்டும். மலைச்சாமி என்ற கொத்தனாரைப் பிடித்தார்.

வேலை தொடங்கிய அன்று காலையில் நான் போயிருந்தேன். அயாஸிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கப் போனேன். மலைச்சாமி அண்ணன் அயாஸின் ஷீட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அவர் கெட்டிக்காரர், யோசித்தார். "சீலிங்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துருவமா பாய்?" என்று கேட்டார். "அதை ஏன்யா தொடுறே? பிளான்லதான் அம்புட்டும் இருக்கே. எம் மகன் ஒரு இஞ்சு விடாம போட்டுருக்கான்" என்றார் அத்தா. மலைச்சாமி அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களும் இதேதான படிக்கிறீங்க? இந்தச் சுவரை எடுக்கலாம்ல?"

நான் ஷீட்டின் அருகே போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அழகான வேலை. இடைவெளிகூட மாறாமல் இழுத்திருந்தான்.

"அயாஸ் வரைஞ்சா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றேன்.

அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏலே சிவா, இட்லி எடுத்து வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ" என்றார்கள். ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், வாரேன் என்றேன். அவர்கள் தட்டில் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஐந்து. ஒன்று எனக்காக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்றபோது சத்தம் கேட்டது. தேங்காய் லாரியைக் கொட்டுகிற மாதிரி சத்தம். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. மீதிப் பக்கங்களையும் எடுத்துத் தரச் சொன்னேன்.

மலைச்சாமி அண்ணனுக்கு இடது கால் போனது. டீ கொண்டுபோன அம்மாவை வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அடக்கத்துக்கு நானும் போனேன், கபர்ஸ்தான் வரைக்கும் தோள் கொடுத்தேன்.

அப்போது விசாரித்தவர்கள் கல்லூரியிலிருந்த என் ஷீட்டையும், இடிபாட்டில் கிடைத்த அயாஸின் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். என்னுடையது சரி, அவனுடையது தப்பு. அயாஸே, "தாளைத் திருப்பிப் போட்டு இழுத்துட்டேன் போல" என்று அழுதான். எப்படித் திருப்பிப் போட்டால் சுவர் மாறாமல் உத்திரம் மட்டும் மாறும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜி.டி. அடித்தவனுக்குத் தான் என்ன வரைந்தோம் என்று தெரியாது. அதனால் அவனே அதை நம்பினான். "நாந்தான் எங்கம்மாவைக் கொன்னேன்" என்று என் மடியில் படுத்துச் சொன்னான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அவன் பரீட்சை எழுதவில்லை. நான் எழுதினேன். அந்த ப்ராஜெக்டுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் அத்தா ஆத்தூருக்கு என் வீடு தேடி வந்தார். இளைத்துவிட்டார். அயாஸிடம் அவர் பேசுவதில்லையாம். அவன் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டானாம். விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்றார். "நீதாம்ப்பு வரைஞ்சு தரணும். வேற யாரையும் நம்ப மாட்டேன். அவ இருந்தாலும் உன்னையத்தான் சொல்லுவா" என்றார். எங்கள் வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் ஷீட்டை விரித்து நான்கு நாள் உட்கார்ந்தேன். சுவர் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சோறும் இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் எலும்பை நீக்கி வைக்கும் அந்தக் கைதான் வந்து நின்றது. அவர்களைக் கொன்றது நான். அயாஸ் இல்லை. இதை அத்தாவிடம் யாராவது சொல்ல வேண்டும், என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே வந்தேன்.

நான் வைவாவைத்தான் நினைத்தேன், கொத்தனார் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை, அப்படித்தானே என்று கேட்டுவிட்டு எழுதாமல் காத்திருக்கிறீர்கள். மலைச்சாமி அண்ணனின் வாக்குமூலம் உங்கள் மேஜையில் இருக்கிறது. பொங்கல் முடிந்த வாரமே வந்து சுவரைத் தட்டிப் பார்த்ததாக அதில் சொல்லியிருக்கிறார். சரிதான். அன்று நானும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உத்திரம் எப்படி ஓடுதுன்னு ஒரு பிளான் வேணும் என்று அவர் கேட்டார். கொடுத்துடலாம்ணே என்று சொல்லிவிட்டு அயாஸ் என்னைத்தான் பார்த்தான். நான் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன், அதே பழக்கத்தில் உங்களிடமும் வந்துவிட்டது.

வைவா என்ற பேச்சே அன்று எழவில்லை. அந்த ஷீட்டை அவன் கேட்டது கொத்தனாருக்காகத்தான். நான் வரைந்ததும் கொத்தனாருக்காகத்தான்.