முதுகு சொறியிற யானை

— அடுத்த வாரம் ‘ம’ எழுத்துக்கு மீனே போதும்டி. நாமளே காகிதத்துல வெட்டி வச்சிடலாம். பிள்ளைங்க கண்ணை மட்டும் ஒட்டட்டும்.

— நாம வெட்டுறோம், நாம ஒட்டுறோம், நாமளே செவுத்துல மாட்டுறோம். அப்புறம் பிள்ளைங்க எதுக்குக்கா? கை தட்டவா?

— ஆரம்பிச்சிட்டியா... பெத்தவங்க எல்லாரும் வந்து பாத்துட்டு சந்தோஷமாப் போயாச்சு. ‘ய’ வாரம் முடிஞ்சுது. திங்கட்கிழமை ‘ம’. அன்னைக்குப் பாட்டு. செவ்வாய் மணல் தட்டுல விரலால எழுதுறது. புதன்...

— புதன் ஒட்டுறது. வியாழன் பிக்கிறது!

— என்னடி சொல்ற?

— முதல்ல யாரு கை வச்சதுன்னு தெரியாம நான் ‘ம’வைத் தொட மாட்டேன்.

— எதுல கை வச்சது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்தச் செவுத்தைப் பாருங்க. நம்ம பிள்ளைங்க ஒட்டின யானையா இதெல்லாம்? ஒண்ணுக்கு அஞ்சு கால் இருந்துச்சு. ஒண்ணுக்குக் காது வால்கிட்ட இருந்துச்சு. இப்ப பாருங்க, அத்தனையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி... தும்பிக்கையை நீட்டிக்கிட்டு வரிசையா...

— அழகாத்தானே இருக்கு.

— அழகா! மூணு வயசுப் பிள்ளைங்க கைவேலையைப் பிச்சு எடுத்து, நேரா ஒட்டி, அதைக் காட்டிப் பெத்தவங்ககிட்டப் பாராட்டு வாங்குறது... அநியாயமா இல்ல உங்களுக்கு?

— மெதுவாப் பேசு. பக்கத்து ரூம்ல பெரிய மிஸ் இருக்காங்க.

— கேக்கட்டும். அவங்களாத்தான் இருக்கும். இப்பவே போய்...

— உக்காரு! அந்தக் குட்டி நாற்காலியை உதைக்காத, ஏற்கெனவே ஒரு கால் ஆடுது. உன் மூஞ்சியில தண்ணி தெளிச்சா ஆவி வரும் போல... அவங்க இல்லடி.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவங்களுக்குக் கையில பசை பட்டாலே ஆகாது...

— நம்ம பொட்டலத்துக்கும்தான் ஆகாது! நெனச்சுப் பாருங்க. சேர்ந்த நாள்லேருந்து ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிக்கிட்டு மூலையில சுருண்டு கெடப்பா. அதனாலதான அவளுக்குப் பொட்டலம்னு பேரு வச்சீங்க?

— ஆசையா வச்சதுடி.

— அந்தப் பிள்ளை இந்த வாரந்தான் முதல் தடவையாப் பசையில விரலை விட்டா. தும்பிக்கையை எங்க ஒட்டினா, ஞாபகம் இருக்கா?

— முதுகுல.

— ஏன்னு கேட்டதுக்கு?

— ‘யானைக்கு முதுகு அரிக்குது, சொறிஞ்சுக்குது’ன்னா... சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுது.

— இன்னைக்கு அவங்க அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாக்கா. ‘என் யானை, என் யானை’ன்னு. அவ பேரு எழுதினது கண்ணு முன்னாடியே தொங்குது. அது தன்னோடது இல்லேன்னுட்டா. அவங்க அம்மா வேற, ‘எவ்ளோ அழகா ஒட்டியிருக்கே’ன்னு கொஞ்சக் கொஞ்ச... கை ரெண்டும் மறுபடி கக்கத்துக்குள்ள போயிடுச்சு.

— ‘ம’வுக்கு மரம் கூட வச்சுக்கலாம்...

— அக்கா!

— சரிடி, சரி. கத்தாத. நான்தான்.

— என்ன நான்தான்?

— நேத்து எல்லாரும் போனப்புறம் நான்தான் பிச்சு ஒட்டினேன். ‘ப’ வாரத்துல என்ன ஆச்சு? ‘இது பாம்பா, பழைய கயிறா? சின்ன மிஸ்ஸுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?’ன்னு அத்தனை பெத்தவங்க முன்னாடி பெரிய மிஸ் உன்னைக் கேக்கல? நீ பாத்ரூம்ல போய் அழுதுட்டு, கண்ணுல தூசின்னு வந்து நின்னியே... இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாது.

— எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க கை வச்சதாலதான்கா... அதாலதான் எல்லாமே கெட்டுது!

— திட்டு. நல்லாத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா பொட்டலத்தோட யானைக்கு மட்டும் என்னைத் திட்டாத.

— ஏன்?

— அதை நான் தொடல. பிக்கத்தான் போனேன்... அந்த முதுகுப் பசையில அவ கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சு காஞ்சிருந்துச்சு. எனக்குக் கை வரல. அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பாக்குறேன், அதுவும் நேரா நிக்குது. யாருன்னு எனக்கும் புரியல. இந்த ரூம் சாவி உன்கிட்டயும் என்கிட்டயும்தான இருக்கு... ஏண்டி? இவ்ளோ நேரம் அந்தக் கத்து கத்தின, இப்ப ஏன் அந்தப் பசை டப்பாவை மூடி மூடித் திறக்குற?

— ...மத்ததெல்லாம் நேரா நின்னுச்சுக்கா. அது ஒண்ணு மட்டும் கோணலா... ‘எல்லாப் பிள்ளைக்கும் வருது, என் பிள்ளைக்கு மட்டும் வரலியே’ன்னு அவங்க அம்மா நெனச்சிடுவாங்களோன்னு... காலையில சீக்கிரமா வந்து நான்தான்கா பிச்சு நேரா ஒட்டினேன். வீட்டுக்குப் போறப்போ அவ என்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா... ‘மிஸ், இப்ப அதுக்கு அரிச்சா என்ன பண்ணும்?’