சிவப்பு விளக்கு எரியறதுக்குள்ள

அக்னஸ் பாட்டுக்கா வந்தீங்க? படி ஏறாதீங்கண்ணே, இன்னும் நேரம் கெடக்கு. அந்தக் கதவுக்கு மேல செவப்பு வெளக்கு தெரியுதா? அது எரிஞ்சாத்தான் பாட்டு ரேடியோவுல போகுதுன்னு அர்த்தம். எரிஞ்சுட்டா உள்ளேர்ந்து தாப்பா போட்டுருவாங்க, எவனும் போக முடியாது. இப்ப அணைஞ்சுதானே இருக்கு? இந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க லா, காத்து வரும்.

சிங்கப்பூர் இசைத்தட்டுக் கம்பெனியா? இன்னிக்கிக் கேட்டுப் பிடிச்சா அவள கூட்டிட்டுப் போயி தட்டுல ஏத்திருவீங்க. ஏழு மணிக்குக் கப்பலா? ம்.

இந்த ஸ்டேசன் கதை ஒங்களுக்குத் தெரியாதுல்ல. மொதல்ல நாலு வெள்ளக்காரங்க பொழுதுபோக்குக்கு ஆரம்பிச்சது. டான்ஸ் தட்டாப் போட்டுட்டு நடுவுல இருமுவானுங்க. அந்த இருமலையும் ஊரே வாயப் பொளந்து கேட்டுச்சு. அலுத்துப்போயி, ரேடியோப் பெட்டி விக்கிற சீனத் தவுக்கே மொதலாளிகிட்ட வித்துட்டானுங்க. தமிழாளும் பெட்டி வாங்கணும்ல, அதுக்காக வெள்ளிக்கெழம அரை மணி தமிழு. மாதா கோயில்ல பாடுற பிள்ளைங்கள கூப்பிட்டாரு. அக்னஸ் மைக்கப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிட்டு சுவத்தோட சுவரா நின்னா. நாந்தான் பாடுனேன். இங்க கேட்ட மொத தமிழ்க் கொரல் யாருதுன்னு கேளுங்க, சவுந்தரம்னு சொல்லுவாங்க. பசார்ல மீன்காரி என்னைப் பாடச் சொல்லி, ரெண்டு கெழங்கான் சேத்துப் போடுவா.

அப்புறம் அத்தர் யாவாரி சுலைமான் வாங்குனாரு. பிள்ளைப் பாட்டு வேணாம், கொழையிற கொரல்தான் அத்தர விக்கும்னுட்டாரு. மூக்கால இழுத்தா அது கொழையிறதாம்! அடிச்சுது யோகம் அக்னஸுக்கு.

பொறாமையா? ஆமா, பொறாமைதான். இல்லேன்னு சொல்லி என்ன ஆகப்போவுது? விடியறப்பவே உப்புத்தண்ணிய வாயில ஊத்திக்கிட்டு அவ கர்ர் கர்ர்னு போடுற சத்தத்த நீங்களா கேக்கறீங்க? கழுத்துல கம்பளி வேற, இந்தப் புழுக்கத்துல. அடுப்புப் புகை பட்டாக் கொரல் கெட்டுருமாம். சமையலுக்கு ஆள் வேணுமேன்னு என்னை ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டாங்க.

அவ வீட்டுல நடக்கறது எனக்கு எப்புடித் தெரியுமா? தெரியும், அவ்ளோதான். ஏன் எந்திரிக்கிறீங்க?

ஆமா, எரியுது. நீங்க என் மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தப்பவே எரிஞ்சுருச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தட்டாதீங்க, தொறக்கமாட்டாங்க. முக்குல காப்பிக்கடை ரேடியோப் பெட்டியில கேக்கறீங்களா? அது நேத்தே பொகைஞ்சு போச்சு. பாட்டு முடியற வரைக்கும் நின்னா ஒங்க கப்பல் நிக்காது.

அவகிட்ட என்ன சொல்லுவேனா? சிங்கப்பூர் ஆளு வரவே இல்லக்கான்னு சொல்லுவேன். ம், அக்காதான், கூடப் பொறந்தவ.

வாங்க, கப்பலேறுற ஜெட்டி வரைக்கும் நானும் வாரேன். நடந்துக்கிட்டே பாடிக் காட்டுறேன்.